தமிழ்நாடு இறையியல் கல்லூரி

தமிழ்நாடு இறையியல் கல்லூரி என்பது மதுரை நகரின் அரசரடிப் பகுதியில் அமைந்துள்ள, சீர்திருத்தத் திருச்சபைகளுக்கான குருத்துவப் பயிற்சி நிறுவனம் ஆகும். தென்னிந்தியத் திருச்சபையும் தமிழ்நாட்டு லுத்தரன் திருச்சபைகளும் தத்தம் பயிற்சிப் பணிகளை ஒன்றிணைத்து 1969 ஆம் ஆண்டில் இதனை உருவாக்கின. செராம்பூர் செனட்டுடன் இணைக்கப்பட்ட இக்கல்லூரி, இறையியலைத் தமிழ் வழியாகப் பட்ட நிலையில் கற்பிப்பதாலும், சேரி மக்கள் நடுவே வாழ்வதைப் படிப்பின் ஒரு பகுதியாகவே ஆக்கியதாலும் இந்திய இறையியல் கல்லூரிகளுள் தனித்து அறியப்படுகிறது.

பின்னணி

தமிழகத்தில் கிறித்தவக் குருமாருக்கான பயிற்சி தரங்கம்பாடியில் தொடங்கியது. 1706 இல் அங்கு வந்திறங்கிய சீகன்பால்கு, 1716 இல் உள்ளூர்ப் பணியாளர்களுக்கென ஒரு பயிற்சிப் பள்ளியைத் திறந்தார். 1733 இல் ஆரோன் என்பவர் முதல் இந்திய லுத்தரன் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். அதன்பின் ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் ஒவ்வொரு மிசனரி அமைப்பும் தனக்கென ஒரு பயிற்சிப் பள்ளியை வைத்திருந்தது. மதுரைக்கு அருகிலுள்ள பசுமலையில் அமெரிக்க மிசனும், நெல்லைச் சீமையில் ஆங்கிலிக்க மிசன்களும் இவ்வாறு நடத்தின. உபதேசியாரும் குருமாரும் ஏறக்குறைய மனப்பாடக் கல்வியாகவே இறையியலைக் கற்றனர். அன்று இத்துறைக்கு வழங்கிய பெயர் வேதசாத்திரம் என்பதாகும். 'இறையியல்' என்ற சொல் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே நிலைபெற்றது.

1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது ஆங்கிலிக்க, மெதடிச, பிரெசுபிட்டேரிய, காங்கிரிகேசனல் மரபினர் ஒரே சபையாயினர். அவ்வாறு இணைந்தவர்களின் குருமார் ஒரே இடத்தில் கற்க வேண்டும் என்பது இயல்பான அடுத்த படி. நாசரேத்தை அடுத்த திருமறையூரில் இயங்கிவந்த இறையியல் கல்லூரி அவ்வகையில் ஒரு கட்டம். லுத்தரன் திருச்சபைகள் 1947 இன் ஐக்கியத்தில் சேரவில்லை. ஆயினும் சபையாக இணையாத அவை குருத்துவக் கல்வியில் இணைந்தன. 1969 இன் சிறப்பு இதுவே எனலாம். தமிழ் சுவிசேச லுத்தரன் திருச்சபை, ஆற்காடு லுத்தரன் திருச்சபை ஆகியவற்றின் மாணவர்களும் தென்னிந்தியத் திருச்சபை மாணவர்களும் ஒரே வகுப்பில் அமர்கின்றனர்.

இக்கதையில் காஞ்சிபுரத்துக்கும் ஓர் இடம் உண்டு. 1947 இல் மதுரை-இராமநாதபுரம் பேராயத்தின் முதல் பேராயராகப் பொறுப்பேற்ற லெசுலி நியூபிகின், அதற்கு முன் 1939 முதல் 1946 வரை காஞ்சிபுரத்தில் பணியாற்றியவர். அங்கிருந்த இராமகிருட்டிண மடத்தில் வாரந்தோறும் இந்து அறிஞர்களுடன் தரையில் அமர்ந்து, ஒரு முறை உபநிடதமும் மறு முறை யோவான் நற்செய்தியுமாக மாறி மாறிப் படித்ததை அவரே பிற்காலத்தில் எழுதியுள்ளார். யாதவப் பிரகாசரிடம் இராமானுசர் பாடம் கேட்டதாகக் கூறப்படும் ஊரில், வரதராசர் கோயிலைக் கொண்ட சின்ன காஞ்சிபுரமும் ஏகாம்பரநாதர் கோயிலைக் கொண்ட பெரிய காஞ்சிபுரமும் இருபுறம் இருக்க, இத்தகைய வாசிப்பு நடந்ததில் வியப்பில்லை. பிற சமயத்தாரை அவர்தம் நூல்கள் வழியாகவே அறிய வேண்டும் என்ற அணுகுமுறை இன்று இறையியல் கல்லூரிகளில் 'சமயங்கள்' என்னும் தனித் துறையாகவே உள்ளது.

செராம்பூர் செனட்டு

இக்கல்லூரி தானே பட்டம் வழங்குவதில்லை. பட்டங்களை வழங்குவது மேற்கு வங்காளத்திலுள்ள செராம்பூர் கல்லூரியின் செனட்டு ஆகும். வில்லியம் கேரி, யோசுவா மார்சுமன், வில்லியம் வார்டு ஆகியோர் 1818 இல் தொடங்கிய அக்கல்லூரிக்கு 1827 இல் தென்மார்க்கு அரசர் ஆறாம் பிரடெரிக்கு பட்டம் வழங்கும் உரிமையை அளித்தார். செராம்பூரும் தரங்கம்பாடியும் அக்காலத்தில் தென்மார்க்கின் ஆட்சியில் இருந்தவை. இரண்டும் 1845 இல் ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டன. தரங்கம்பாடி வழிவந்த லுத்தரன் சபையைச் சேர்ந்த மாணவர் ஒருவர் இன்று மதுரையில் எழுதும் தேர்வுக்குப் பின்னால் அதே அரசின் பட்டயம் இருப்பது வரலாற்றின் ஒரு சுவையான தற்செயல். 1918 ஆம் ஆண்டின் செராம்பூர் கல்லூரிச் சட்டம், பிற சபைக் கல்லூரிகளும் இணையத்தக்க செனட்டு முறைக்கு வழிவகுத்தது.

இவ்விணைப்பால் பாடத்திட்டத்தின் சட்டகம் நாடு முழுவதற்கும் பொதுவானதாக உள்ளது. சில தாள்களைக் கல்லூரியே மதிப்பிடும். மற்றவற்றுக்குச் செனட்டின் பொதுத்தேர்வு உண்டு. நாகாலாந்து மாணவரும் நாகர்கோவில் மாணவரும் ஒரே வினாத்தாளை எதிர்கொள்ள நேரும். இது தரத்தைக் காக்கிறது. அதே வேளையில், உள்ளூர்ச் சூழலிலிருந்தே இறையியல் எழ வேண்டும் என்று கருதும் ஒரு கல்லூரிக்கு நிலையான இழுபறியாகவும் உள்ளது.

சேர்க்கை

பிற பட்டப் படிப்புகளைப் போல இங்கு மதிப்பெண் மட்டும் போதாது. மாணவர் பொதுவாகத் தம் திருச்சபையின் பரிந்துரையுடன் வருகிறார். முதலில் சேகர குருவின் சான்று, பின் பேராயத்தின் நேர்காணல், பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகள் ஏதேனும் ஒரு சேகரத்தில் களப்பணி, அதன் பின்னரே கல்லூரியின் நுழைவுத் தேர்வு. காஞ்சிபுரத்து இளைஞர் ஒருவர் குருவாக விரும்பினால் அவர் தென்னிந்தியத் திருச்சபையின் சென்னைப் பேராயத்தின் வழியே செல்ல வேண்டும். பேராயம் அனுப்பும் மாணவருக்குச் செலவின் பெரும்பகுதியைப் பேராயமே ஏற்பது வழக்கம். படிப்பு முடிந்தபின் அவரை எங்கு அமர்த்துவது என்பதும் அதன் உரிமை. இந்த ஏற்பாட்டில் மாணவருக்குப் பாதுகாப்பும் உண்டு, கட்டும் உண்டு.

பாடங்கள்

அடிப்படைப் பட்டங்கள் இரண்டு: பி.டிஎச். எனப்படும் இறையியல் இளையர், பி.டி. எனப்படும் இறைமையியல் இளையர். முதுநிலைப் பட்டமான எம்.டிஎச். படிக்கப் பி.டி.யில் நல்ல தேர்ச்சி வேண்டும். ஆய்வேடும் எழுத வேண்டும். பி.டி. மாணவர் பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு, கிறித்தவக் கோட்பாடு, அறவியல், திருச்சபை வரலாறு, சமயங்கள், அருட்பணியியல், ஆயர் பணி, ஆற்றுப்படுத்தல், தொடர்பியல், பெண்ணியம், சமூகப் பகுப்பாய்வு ஆகிய துறைகளில் பாடங்களை முடிக்க வேண்டும். எபிரேயமோ கிரேக்கமோ கற்க வேண்டும். பழைய ஏற்பாட்டில் மேற்படிப்பை விரும்புபவருக்கு எபிரேயம் தவிர்க்க இயலாதது. ஞாயிறுதோறும் ஏதேனும் ஒரு சபையில் பணி, விடுமுறையில் களப்பயிற்சி, மருத்துவமனையில் நோயாளர் சந்திப்புப் பயிற்சி ஆகியனவும் மதிப்பீட்டுக்கு உரியவை.

முதலாண்டு மாணவருக்குப் பெரும் அதிர்ச்சியைத் தருவது விவிலிய ஆய்வு வகுப்பே. ஞாயிறு பள்ளியில் மோசே எழுதியதாகக் கற்ற ஐந்து நூல்களும் பல காலங்களில் பல கைகளால் தொகுக்கப்பட்டவை என்ற கருத்தை அவர் இங்குதான் சந்திக்கிறார். தொடக்க நூலின் முதல் இயலில் மனிதர் படைப்பின் இறுதியில் வருகின்றனர். இரண்டாம் இயலிலோ மனிதர் உருவாக்கப்பட்ட பின்னரே மரங்களும் விலங்குகளும் தோன்றுகின்றன. இவ்விரண்டும் வேறு வேறு மரபுகள் என்பதை மாணவர் தாமே வசனங்களை ஒப்பிட்டுக் கண்டறிய வேண்டும். எசாயா நூலின் 40 ஆம் இயலிலிருந்து பேசுபவர், எருசலேம் வீழ்ந்து மக்கள் பாபிலோனில் அடிமைகளாய் இருந்த காலத்தைச் சேர்ந்தவர் என்பதையும், மத்தேயு, மாற்கு, லூக்கா ஆகிய மூன்று நற்செய்திகளுக்கிடையே உள்ள சொல்லொற்றுமைக்குக் காரணம் ஒன்றை ஒன்று பயன்படுத்தியமையே என்பதையும் படிப்படியாக அறிகிறார்.

இவ்வணுகுமுறை பத்தொன்பதாம் நூற்றாண்டில் செருமானியப் பல்கலைக்கழகங்களில் வளர்ந்தது. இதனை ஏற்காத கல்லூரிகளும் இந்தியாவில் பல உள்ளன. அவற்றுள் பல ஆசிய இறையியல் கழகத்தின் அங்கீகாரத்தை நாடுகின்றன. ஆய்வு முறையை ஏற்பதே ஒரு கல்லூரி முற்போக்கானது என்பதற்கு முதல் அடையாளமாகக் கொள்ளப்படுகிறது. ஆனால் மாணவர் பெறும் தெளிவை அவர் எங்கு பேசுவார் என்பது வேறு வினா. அவர் ஞாயிறன்று செல்லும் சபையில் பொதுவாகப் படிக்கப்படுவது 1871 இல் வெளிவந்த போவர் திருத்தத்தின் வழிவந்த பழைய மொழிபெயர்ப்பு. வகுப்பில் பயன்படுவதோ கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையினரும் இணைந்து 1995 இல் வெளியிட்ட திருவிவிலியம். ஒன்றில் 'கர்த்தர்', மற்றதில் 'ஆண்டவர்'. சபையில் முதியோர் மனப்பாடமாய்ச் சொல்லும் வசனத்தை ஒரு சொல் மாற்றிப் படித்தாலே முகங்கள் மாறும். இரு மொழிகளையும் இடமறிந்து பேசக் கற்பது எந்தத் தாளிலும் இல்லாத ஒரு தேர்வு.

தமிழ் வழிக் கல்வி

பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரி 1910 முதல் ஆங்கில வழியில் கற்பிக்கிறது. அதிலிருந்து மாறுபட்டு, தமிழில் பயில்வோரும் உரிய பட்டம் பெற வேண்டும் என்பது மதுரைக் கல்லூரியின் அடிப்படை. இலங்கையில் கண்டிக்கு அருகிலுள்ள பிலிமத்தலாவையில் 1963 இல் தொடங்கப்பட்ட இலங்கை இறையியல் கல்லூரியும் சிங்களத்திலும் தமிழிலும் கற்பிப்பது இதனோடு ஒப்பிடத்தக்கது. இடர்ப்பாடு நூல்களில் உள்ளது. பெரும்பாலான ஆய்வு நூல்கள் ஆங்கிலத்திலும் செருமானியத்திலும் இருப்பதால், தமிழ் வழி மாணவர் ஆசிரியரின் குறிப்புகளையும் கிறித்தவ இலக்கியச் சங்கம் முதலியன வெளியிட்ட நூல்களையும் சார்ந்திருக்க வேண்டும். கல்லூரியின் 'இறையியல் மலர்' என்னும் இதழ் இக்குறையை ஓரளவு நிறைவு செய்துள்ளது. கலைச்சொல்லாக்கத்தில் இக்கல்லூரியின் பங்கு தமிழ் ஆர்வலர்களால் இன்னும் போதிய அளவு கவனிக்கப்படவில்லை.

சமூகப் பகுப்பாய்வு

1958 இல் தொடங்கப்பட்ட இறையியல் கல்வி நிதியம், 1972 இல் தன் மூன்றாம் கட்ட நோக்கத்தை வகுத்தபோது, தைவானைச் சேர்ந்த ஷோகி கோ தலைமையில் 'சூழமைவு' என்ற கருத்தை முன்வைத்தது. ஆசிய, ஆப்பிரிக்கக் கல்லூரிகள் ஐரோப்பிய வினாக்களுக்கு விடை சொல்வதை விடுத்துத் தம் மண்ணின் வினாக்களைக் கேட்க வேண்டும் என்பது அதன் சாரம். மதுரையில் அக்காலத்தில் முதல்வராக இருந்தவர் சாம் அமிர்தம். இவர் பின்னர் செனீவாவில் உலகத் திருச்சபைகள் மன்றத்தின் இறையியல் கல்வித் திட்டத்தை வழிநடத்தி, அதன்பின் தென்கேரளப் பேராயரானார். செருமனியில் பிறந்த கேப்ரியேல் தீத்ரிச், நெதர்லாந்தைச் சேர்ந்த பாசு வீலங்கா ஆகியோர் 1970களில் இங்கு ஆசிரியர்களாகிச் சமூகப் பகுப்பாய்வைப் பாடத்திட்டத்தில் வேரூன்றச் செய்தனர். தீத்ரிச் பெண்ணுரிமை இயக்கத்திலும் பங்காற்றியவர்.

இப்பாடத்தின் முறையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். மாணவர் தம் ஊரைப் பற்றி எழுத வேண்டும் என்றால், கோயில்களின் பெருமையோடு நிறுத்தலாகாது. காஞ்சிபுரத்தவர் எனில் தறியிலிருந்து தொடங்கலாம். பட்டு நூல் கருநாடகத்திலிருந்தும் சரிகை சூரத்திலிருந்தும் வருகின்றன. அவற்றை வாங்கப் பணம் உள்ளவர் யார்? குழித்தறி நெய்பவரின் வீட்டில் உள்ளது; ஆனால் பாவும் ஊடையும் முதலாளியுடையவை. நெசவாளர் வாங்கிய முன்பணம் கழியும்வரை அவர் வேறு முதலாளியிடம் செல்ல இயலாது. உடலும் கரையும் வேறு நிறமாக அமையும் கோர்வைச் சேலைக்கு இருவர் தேவை. உதவிக்கு அமர்ந்தவர் நெடுங்காலம் சிறுவராகவே இருந்தனர். கூட்டுறவுச் சங்கம் எதை மாற்றியது, எதை மாற்றவில்லை? இவற்றுக்கெல்லாம் விடை எழுதிய பின்னரே, எகிப்தில் செங்கல் அறுத்த எபிரேயரின் கதையை வாசிக்க வேண்டும் என்பது இம்முறையின் வரிசை.

சாதி இப்பாடத்தின் மையம். தமிழ்நாட்டுச் சீர்திருத்தச் சபைகளின் உறுப்பினருள் தலித் மக்கள் பெரும் தொகையினர். 1950 இன் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதி என்னும் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் வரையறுத்தது, 1956 இல் சீக்கியரும் 1990 இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர், கிறித்தவர் சேர்க்கப்படவில்லை. ஆகவே தலித் கிறித்தவர் சபைக்குள்ளும் அரசின் ஏட்டிலும் என இருமுறை இழக்கின்றனர். 1981 இல் பெங்களூருவில் அரவிந்து நிர்மல் ஆற்றிய உரை தலித் இறையியலின் தொடக்கமாகக் கருதப்படுகிறது. மதுரைக் கல்லூரியின் தலித் ஆதார மையம் அச்சிந்தனையைத் தமிழில் வளர்த்தது.

வளாகத்துக்கு வெளியே

பி.டி. மாணவர்கள் தம் படிப்பின் ஒரு கட்டத்தில் விடுதியை விட்டு வெளியேறி, மதுரையின் குடிசைப் பகுதிகளில் சிறு வாடகை வீடுகளில் குழுக்களாகத் தங்குவர். வகுப்புக்கு அங்கிருந்து வந்து செல்வர். தண்ணீர்க் குழாயின் முன் வரிசையில் நிற்பது, உதவித்தொகைக்குள் வாடகையும் அரிசியும் அடங்குமாறு கணக்கிடுவது, இரவில் பக்கத்து வீட்டுச் சண்டை சுவர் வழியே கேட்பது ஆகிய அனைத்தும் பாடத்தின் பகுதியாகும். அவர்கள் அங்குப் போதிக்கச் செல்வதில்லை என்பது குறிப்பிடத்தக்கது. கண்டதையும் கேட்டதையும் கருத்தரங்கில் வைத்து, அவற்றின் ஒளியில் விவிலியத்தை மீண்டும் வாசிக்க வேண்டும் என்பதே திட்டம்.

இத்திட்டத்தின் மீது ஐயங்கள் எழாமல் இல்லை. திரும்பிச் செல்ல விடுதி உள்ளவர் வறுமையை அறிந்தவர் ஆகமாட்டார். சேரியிலேயே பிறந்து வளர்ந்த மாணவருக்கு இதில் புதிதாகக் கற்க என்ன உள்ளது என்ற வினாவும் நியாயமானது. அவருக்கு இது தம் வாழ்வையே பாடப்பொருளாக ஆசிரியர் முன் வைக்கும் முதல் வாய்ப்பு என்றும், வசதியான வீட்டிலிருந்து வந்தவர் அவரிடம் கற்கும் இடம் என்றும் விடை கூறலாம். தேர்வில் முதலிடம் பெறுபவரும் குழாயடியில் வழி காட்டுபவரும் பெரும்பாலும் ஒருவரல்லர்.

கல்லூரி சார்ந்த பிற பணிகளுள் எய்ட்சு நோயாளருக்கான அருளகமும் சிறைப் பணியும் குறிப்பிடத்தக்கவை. மதுரை மத்திய சிறை அரசரடிப் பகுதியிலேயே அமைந்ததால், சிறைவாசிகளையும் அவர்தம் குடும்பத்தாரையும் சந்திப்பது மாணவர் பயிற்சியில் இடம்பெற்றது.

வழிபாடும் இசையும்

மாணவர் வாழ்வின் அன்றாட மையம் சிற்றாலய வழிபாடு. மாணவரும் ஆசிரியரும் முறை வைத்து நடத்துவர்; நடத்தியவரைப் பிற்பாடு விமர்சிக்கவும் செய்வர். இங்குத் தொடர்பியல் கற்பித்த சே. தியாபிலசு அப்பாவு (1940–2005) மாணவர்களால் 'பரட்டை அண்ணன்' என அழைக்கப்பட்டார். கீர்த்தனைகளும் ஆங்கில இராகப் பாடல்களும் ஆண்ட வழிபாட்டில் அவர் நாட்டுப்புறப் பாட்டையும் பறையையும் கொண்டுவந்தார். சாவு வீட்டுக்குரியது என ஒதுக்கப்பட்ட கருவி பீடத்தின் அருகில் ஒலித்தபோது, அதனை இழிவெனக் கருதிய தலித் சபையினரும் இருந்தனர் என்பதை மறக்கலாகாது. தம் முன்னோர் கைவிட விரும்பிய அடையாளம் ஆலயத்துக்குள் வருவதை அவர்கள் எளிதில் ஏற்கவில்லை. கிராமிய இசை வழிபாடு என்னும் முழு வழிபாட்டு முறையையும் அப்பாவு இயற்றினார். அனைவரும் ஒரே உலையில் பொங்கி ஒன்றாய் உண்பதே நற்கருணையின் பொருள் என்பது அவர் வலியுறுத்திய கருத்து. பல சாதியினர் ஒரே உணவுக்கூடத்தில் உண்ணும் விடுதியில் அது வெறும் உவமையாக நிற்கவில்லை.

பெண் மாணவர்

தென்னிந்தியத் திருச்சபையில் 1976 இல் முதல் பெண் குருவாக எலிசபெத் பால் திருநிலைப்படுத்தப்பட்டார். 2013 இல் நந்தியால் பேராயத்தின் ஈ. புட்பலலிதா அச்சபையின் முதல் பெண் பேராயரானார். இடைப்பட்ட 37 ஆண்டுகளில் ஆண்களோடு அதே தேர்வை எழுதித் தேறிய பெண்கள் பலர். ஆயினும் திருநிலைப்பாட்டை முடிவு செய்வது கல்லூரியன்று. ஒரு பேராயம் விரைந்து குருப்பட்டம் அளிக்க, மற்றொன்று விடுதிக் காப்பாளராகவோ பள்ளி ஆசிரியராகவோ பெண்களை அமர்த்தி நிறுத்திக்கொள்ளும். எனவே ஒரே வகுப்பில் ஒரே தேர்ச்சி பெற்ற இரு பெண்களின் வாழ்வு அவர்கள் வந்த பேராயத்தைப் பொறுத்து வேறுபடுகிறது.

பட்டத்துக்குப் பின்

தேறிய மாணவர் பேராயத்துக்குத் திரும்பி, சில காலம் மூத்த குருவின் கீழ்ப் பணியாற்றி, உதவிக்குருவாகவும் பின்னர் குருவாகவும் திருநிலைப்படுத்தப்படுவார். புதியவருக்குப் பெரும்பாலும் சிற்றூர்ச் சேகரமே கிடைக்கும். ஒரு சேகரத்தில் பல சிறு சபைகள் அடங்கும். ஞாயிறன்று இரண்டு மூன்று ஊர்களில் வழிபாடு, வாரநாட்களில் திருமணம், அடக்கம், நிலத் தகராறு, பள்ளிக் கணக்கு எனக் காலம் கழியும். சேகரக் குழுத் தேர்தலில் எந்தத் தரப்பையும் சாராதிருப்பது கடினம். சாதிப் பகுப்பாய்வை வகுப்பில் கற்றவர், தம்மைத் தேர்ந்தெடுத்ததிலும் தம் பணியிடத்தை முடிவு செய்ததிலும் அதே சாதிக் கணக்கு இருந்ததை அப்போது காண நேரிடலாம். சிலர் தன்னார்வ நிறுவனங்களுக்கும், சிலர் மேற்படிப்புக்கும் செல்கின்றனர். சேகரத்தில் தங்குவோருள் ஒரு பகுதியினர் ஆண்டுக்கொருமுறையேனும் அரசரடிக்கு வந்து, தாம் வாடகைக்கு இருந்த தெருவையும் பார்த்துச் செல்வதுண்டு.